யாருக்கெல்லாம் தெரியும்?

போன இதழில் குடும்ப ரகசியக் கதைகளைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன்: 'கொலை செய்தது யார் என்பதைவிட, வீட்டில் யாருக்கெல்லாம் விஷயம் முன்பே தெரியும் என்பதில்தான் எனக்கு ருசி.' அந்த ஒரு வரிக்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். சந்தோஷம். இந்த இதழின் கேள்வி-பதில் முழுக்க அந்தச் சண்டைக்குத்தான்.

கேள்வி: பாதிப் புத்தகத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன், கதாநாயகியை வளர்த்த அத்தைதான் அவளைப் பெற்றவள் என்று. மீதி இருநூறு பக்கத்தையும் 'அதான் தெரியுமே' என்று புரட்டித் தள்ளினேன். எழுத்தாளர் கோட்டைவிட்டாரா, நான் கெட்டிக்காரியா?
- வங்கி ஊழியர், பெயர் வேண்டாம் என்றிருக்கிறார்

பதில்: நீங்கள் கெட்டிக்காரிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எழுத்தாளர் கோட்டைவிட்டதாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்த வகைக் கதையில் ரகசியங்களுக்கே பஞ்சம். பெற்றவர் ஒருவர், வளர்த்தவர் ஒருவர். செத்துப்போனதாகச் சொன்னவர் சாகவில்லை. திரும்பி வந்திருப்பவர் அந்த ஆள் இல்லை. சொத்துக்கு இன்னொரு வாரிசு இருக்கிறது. சுற்றிச் சுற்றி இந்த நாலைந்துக்குள்தான். தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நூறாவது பக்கத்திலேயே மூக்கில் வியர்த்துவிடும். அது எழுத்தாளருக்கும் தெரியும். தெரிந்தும் மேற்கொண்டு இருநூறு பக்கம் எழுதியிருக்கிறார் என்றால், அங்கே வேறு சரக்கு வைத்திருக்கிறார்.

இதற்கெல்லாம் பாட்டன் கதை ஈடிபஸ். கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸ் அதை நாடகமாகப் போட்டபோது, தகப்பனைக் கொன்று தாயை மணந்தவன் ஈடிபஸ்தான் என்பது ஏதென்ஸ்காரர்களுக்குப் பழைய சேதி. இருந்தும் பார்த்தார்கள், இன்றைக்கும் பார்க்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்த ஆள் ஈடிபஸ் இல்லை, அந்தக் கிழட்டு இடையன். மலையில் போட்டுவிட்டு வா என்று கொடுத்த குழந்தை ஈடிபஸை, மனசு கேட்காமல், இன்னொரு தேசத்து இடையன் கையில் கொடுத்துவிட்டவன் அவன். பல வருடம் கழித்து அரசன், அதாவது ஈடிபஸின் தகப்பன், வழியில் கொல்லப்பட்டபோது தப்பி ஓடிவந்த ஒரே ஆளும் அவன்தான். ஊருக்குத் திரும்பி, சிம்மாசனத்தில் ஈடிபஸ் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறான். ராணியின் கையைத் தொட்டு, 'என்னை மேய்ச்சல் காட்டுக்கு அனுப்பிவிடுங்கள், இந்த நகரமே கண்ணில் படாத தூரத்துக்கு' என்று கெஞ்சுகிறான். நல்ல வேலைக்காரன், கேட்கிறானே என்று ராணியும் அனுப்பிவிடுகிறாள். நாடகத்தில் இது சில வரிகளில் வந்து போய்விடும். முதல் தடவை யாரும் இதைக் கவனிப்பதில்லை. கதை தெரிந்தவருக்கு மட்டும் அந்த இடத்தில் வயிற்றைப் பிசையும்.

அதனால் அந்த இருநூறு பக்கத்தைத் திரும்ப எடுங்கள். அத்தைதான் அம்மா என்பது உங்களுக்குத் தெரியும். சரி, இப்போது மாமாவை மட்டும் பாருங்கள். அவருக்குத் தெரியுமா? தெரிந்துதான் கட்டிக்கொண்டாரா? பெண்ணின் பிறந்தநாள் பேச்சு வரும்போதெல்லாம் அவர் ஏன் அறையை விட்டு எழுந்து போகிறார்? அப்படி எதுவுமே இல்லாமல் மாமா வெறுமனே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தால் எனக்கு எழுதுங்கள், எழுத்தாளரை நானே திட்டுகிறேன்.

கேள்வி: மூன்று தலைமுறை, இருபது பெயர். யார் யாருக்கு என்ன உறவு என்று குழம்பி, கடைசியில் முடிச்சு அவிழும்போது 'ஓ' என்பதற்குப் பதில் 'யார் இது?' என்கிறேன். வழி உண்டா?
- ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

பதில்: கணித ஆசிரியரே இப்படிக் கேட்டால் எப்படி ஐயா! உங்கள் கையில்தான் சாவியே இருக்கிறது. ஒரு துண்டுத்தாளில் வம்சாவளி போடுங்கள். பெயரைவிட வயசு முக்கியம். யார் எந்த வருடம் பிறந்தார், எப்போது கல்யாணம், எப்போது ஊரை விட்டுப் போனார், எப்போது இறந்தார். பிறகு கழித்துப் பாருங்கள். தகப்பன் 1961 முதல் 1963 வரை கப்பலில் இருந்ததாக ஒரு அத்தியாயத்தில் வரும். கடைக்குட்டி பிறந்தது 1962 கடைசியில் என்று எட்டு அத்தியாயம் தள்ளி, கல்லறைக் கல்லிலோ பள்ளிச் சான்றிதழிலோ வரும். இரண்டையும் ஒரே பக்கத்தில் எந்த எழுத்தாளரும் வைக்க மாட்டார். உங்கள் துண்டுத்தாளில் அவை பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடும்.

அப்புறம், புகைப்படங்கள். குடும்ப மர்மக் கதையில் படம் வந்தால் நான் பென்சிலை எடுத்துவிடுவேன். பல வருடமாக இந்த மாதிரிக் கதைகளுக்கு மெய்ப்புப் பார்த்துப் பிழைப்பு நடத்தியவள், விரல் தானாகவே ஆட்களை எண்ணும். அச்சுக்குப் போகாமலே நின்றுபோன ஒரு கையெழுத்துப் பிரதி இன்னும் நினைவில் இருக்கிறது. படிக்கட்டில் எடுத்த குடும்பப் படம். பின்பக்கம் பாட்டியின் கையெழுத்தில் இடமிருந்து வலமாகப் பெயர்கள். கடைசிப் பெயர் கைக்குழந்தையுடையது. ஆசிரியர் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகிறார், நாமும் தலையாட்டிக்கொண்டே போகிறோம். எண்ணினால் பெயர்கள் ஏழு. முந்தின பக்கத்தில் படத்தை வர்ணிக்கும்போது எட்டுத் தலை. குழந்தைக்குப் பெயர் எழுதிய பாட்டி, அதை இடுப்பில் வைத்திருக்கும் பெண்ணுக்கு மட்டும் எழுதவில்லை. கதை மொத்தமும் அங்கேயே இருந்தது. பாட்டி அந்தப் பெண்ணை மறந்துபோனாளா, வேண்டுமென்றே விட்டாளா என்பதற்கு அந்த ஆசிரியர் முந்நூறு பக்கம் எடுத்துக்கொண்டார். நியாயமான நீளம்தான்.

கேள்வி: காணாமல்போன மகன் என்று சொல்லிக்கொண்டு வேறு ஒருவன் வீட்டுக்குள் நுழைவதாக எத்தனையோ கதைகள். பெற்ற தாய்க்கு அடையாளம் தெரியாதா? காதில் பூ சுற்றுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.
- ஒரு வழக்கறிஞர்

பதில்: நீங்களே வழக்கறிஞர், அதனால் வழக்குகளையே எடுத்து வைக்கிறேன். இந்த விஷயத்தில் கற்பனை கொஞ்சம் அடக்கமாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது.

முதலில் இங்கிலாந்தின் டிச்போர்ன் வழக்கு. பெரிய குடும்பத்து வாரிசு ரோஜர் டிச்போர்ன் 1854-இல் கப்பலோடு கடலில் காணாமல்போனார். தாய் மட்டும் நம்பவில்லை. பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்துக்கொண்டே இருந்தார். 1866-இல் ஆஸ்திரேலியாவின் வாகா வாகா என்ற ஊரிலிருந்து ஒரு கசாப்புக்கடைக்காரர், நான்தான் அது என்று கிளம்பினார். ரோஜர் ஒல்லி, வந்தவரோ ஆஜானுபாகு, பிறகு இன்னும் பெருத்தார். ரோஜர் பிரான்சில் வளர்ந்தவர். வந்தவருக்கு பிரெஞ்சு வராது. தாய் அவரைப் பாரிஸில் பார்த்த உடனேயே தன் மகன் என்றார், வருடாந்தரப் படியும் கொடுத்தார். குடும்பத்தில் மற்றவர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. தாய் இறந்தபின் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. ரோஜரின் கையில் பச்சை குத்தியிருந்தது, இவர் கையில் இல்லை என்ற சாட்சியத்தில் 1872-இல் அது சரிந்தது. பொய்ச்சாட்சி வழக்கு அதற்குப் பிறகு 188 நாள் நடந்து, 14 வருடத் தண்டனையில் முடிந்தது. அந்தத் தாய்க்கு அடையாளம் தெரியாமல் இல்லை என்பது என் கணிப்பு. மகன் வேண்டியிருந்தது, வந்தவரை வைத்துக்கொண்டார்.

இன்னும் பழசு, பிரான்சின் மார்த்தின் கேர் வழக்கு. 1548-இல் மனைவியையும் குழந்தையையும் விட்டுப் போனவர் 1556-இல் திரும்பி வந்தார். ஊர் ஏற்றது, மனைவி பெர்த்ராந்து ஏற்றார், குடும்பம் நடந்தது. பிறகு சொத்துத் தகராறில் சித்தப்பா சந்தேகம் கிளப்ப, வழக்கு துலூஸ் நீதிமன்றம் வரை போனது. செருப்பு தைப்பவர் வந்து, மார்த்தினின் காலளவு 12, இவருடையது 9 என்று சாட்சி சொன்னார். அப்படியும் நீதிபதிகள் இவர் பக்கம்தான் சாய்ந்துகொண்டிருந்தார்கள். 1560-இல், தீர்ப்பு வரப்போகிற நேரத்தில், மரக்கால் வைத்த ஒருவர் நீதிமன்றத்துக்குள் நடந்து வந்தார். அசல் மார்த்தின். இதை நான் ஒரு நாவலின் மெய்ப்பில் பார்த்திருந்தால், 'ரொம்ப நாடகத்தனம், மாற்றவும்' என்று ஓரத்தில் எழுதியிருப்பேன்.

ஆனால் இந்த வழக்கில் என்னைக் கட்டிப்போடுவது அந்த மரக்கால் இல்லை. பெர்த்ராந்துக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? வரலாற்றாசிரியர் நடாலி ஸீமோன் டேவிஸ், அவருக்குத் தெரியும், தெரிந்தே துணை நின்றார் என்று வாதாடுகிறார். எல்லா வரலாற்றாசிரியர்களும் இதை ஏற்கவில்லை. நான் டேவிஸ் கட்சி.

மூன்றாவது நம் பக்கத்து வழக்கு, இதில் திருப்பம் தலைகீழ். வங்காளத்தின் பாவால் ஜமீனின் இரண்டாம் குமாரர் 1909-இல் டார்ஜிலிங்கில் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். டாக்காவில் தென்பட்ட ஒரு சந்நியாசி 1921-இல், தான்தான் அவர் என்றார். சகோதரி ஏற்றார், மனைவி கடைசிவரை ஏற்கவில்லை. 1930-இல் வழக்கு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள், 1936-இல் சந்நியாசிக்குச் சாதகமான தீர்ப்பு. மேல்முறையீடு கல்கத்தா உயர்நீதிமன்றம், லண்டன் பிரிவி கவுன்சில் என்று போய் 1946-இல் அதுவே உறுதியானது. சில நாட்களிலேயே அவர் இறந்துபோனார். ஒரே முகத்தைப் பார்த்து சகோதரி ஆம் என்கிறார், மனைவி இல்லை என்கிறார். காதில் பூ என்று எந்தக் காதைச் சொல்வீர்கள்?

கேள்வி: இரட்டைப் பிறவி என்று முடித்தால் கோபம் வருகிறது. உங்களுக்கு?
- கல்லூரி மாணவர்

பதில்: எனக்கும். 1929-லேயே பாதிரியார் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் போட்டார். பத்தாவது விதி: வாசகரை முறையாகத் தயார்செய்யாமல் இரட்டையரையோ உருவ ஒற்றுமை உள்ளவரையோ கொண்டுவரக் கூடாது. தயார்செய்தால் தப்பில்லை. இரட்டையர் என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டு, 'இவர்களில் இப்போது பேசுவது யார்?' என்று நம்மைத் திணறடிப்பவருக்கு என் ஓட்டு.

கேள்வி: இப்போது டிஎன்ஏ பரிசோதனை வந்துவிட்டது. எச்சிலைத் துடைத்து அனுப்பினால் உண்மை வெளியே. இனி இந்த வகைக் கதைக்கு வேலை இருக்கிறதா?
- மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரியும் வாசகி

பதில்: டிஎன்ஏ ரேகை முறையை அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடித்தது 1984-இல். முதலில் அது கொலைகாரனைப் பிடிக்கப் பயன்படவில்லை, கவனித்தீர்களா? 1985-இல் ஒரு குடியேற்றத் தகராறு. கானாவிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிய ஒரு சிறுவன் அந்தத் தாயின் மகன்தானா என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். மகன்தான் என்று சோதனை நிரூபித்தது. பிறந்ததே குடும்ப மர்மத்துக்குள்தான்; அது எப்படி அந்தக் கதையைக் கொல்லும்?

உங்கள் கூடத்தில் வரும் எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாய் வயிற்றில் வேறு தகப்பனுக்குப் பிறந்தவர்கள் சுமார் 25 சதவீதம் டிஎன்ஏ-வைப் பகிர்ந்துகொள்வார்கள். அத்தைக்கும் அவள் அண்ணன் மகளுக்கும் சுமார் 25. பாட்டிக்கும் பேத்திக்கும் அதே 25. காகிதத்தில் 25 என்று மட்டும் வந்தால், எதிரே இருப்பவள் அத்தையா அக்காவா? அதற்கு மேல் வயசைக் கேட்க வேண்டும், தேதியைக் கேட்க வேண்டும், வாயைத் திறக்காத ஒரு கிழவியைத் திறக்கவைக்க வேண்டும். எழுத்தாளருக்கு வேலை அங்கே ஆரம்பிக்கிறது.

ரத்த வகையை வைத்து முடிச்சுப் போடும் கதைகள் அந்தக் காலத்தில் ஏராளம். 'தகப்பன் ஓ, பிள்ளை ஏபி. ஆகவே இவன் பிள்ளை இல்லை' என்று டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொல்வார். ஆனால் 1952-இல் டாக்டர் பெண்டேயும் சக மருத்துவர்களும் பம்பாயில் கண்டறிந்த அபூர்வ வகை ஒன்று இருக்கிறதே, அது சாதாரணச் சோதனையில் ஓ மாதிரியே தெரியும். அந்த ஆள் பிள்ளைக்கு ஏ-யையோ பி-யையோ கடத்தவும் முடியும். இதை வைத்து, சந்தேகப்பட்டு மனைவியைத் துரத்திவிட்ட ஒருவருக்கு முப்பது வருடம் கழித்து உண்மை தெரியவருவதாக யாராவது எழுதுங்கள். இந்த யோசனைக்கு நான் பணம் கேட்க மாட்டேன்.

கேள்வி: நானே ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆள்மாறாட்டம் செய்பவனைக் கதைசொல்லி பொய்ப்பெயரிலேயே குறிப்பிடலாமா? வாசகரை ஏமாற்றுவதாகாதா? கடைசியில் அடையாளம் தெரிய, தோளில் மச்சம் வைத்திருக்கிறேன்.
- எழுத ஆசைப்படும் வாசகர்

பதில்: பாத்திரங்கள் அவனை எந்தப் பெயரில் வேண்டுமானாலும் கூப்பிடட்டும், அது அவர்கள் நம்பிக்கை. அந்த வீட்டு ஆள் ஒருவரின் கண் வழியாகச் சொல்லும்போதும் பொய்ப்பெயர் சரிதான். ஆனால் அவனுடைய மனசுக்குள்ளேயே நுழைந்து, 'சின்ன வயசில் இந்த மாடிப்படியில் விழுந்தது நினைவுக்கு வந்தது' என்று எழுதினீர்களென்றால் அது மோசடி. நான் அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவேன்.

மச்சத்தை எடுத்துவிடுங்கள். மச்சம், தழும்பு மாதிரி உடம்பு அடையாளத்தால் ஆளைக் கண்டுகொள்வது கலைநயம் குறைந்த வழி என்று அரிஸ்டாட்டிலே சொல்லிவிட்டார். நிகழ்ச்சிகளின் போக்கிலேயே தானாக வெளிப்படுவதுதான் அவருக்கு உயர்ந்தது. நமக்கு அரிஸ்டாட்டில் வரை போகவேண்டியதும் இல்லை. உருவம் மாறி வாகுகனாக வந்திருக்கும் நளனைச் சோதிக்கத் தமயந்தி என்ன செய்கிறாள்? பிள்ளைகளை அவனிடம் அனுப்புகிறாள். வாரி எடுத்து அழுகிறான். முகம் மாறினாலும் அது மாறவில்லை.

அரங்கேற்றக் களத்தில் கர்ணன் வந்து நிற்கும்போது குந்தி மயங்கி விழுகிறாளே, அதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். விதுரர் தெளிவிக்க ஏற்பாடு செய்கிறார். அவ்வளவு கூட்டத்தில் காரணம் தெரிந்தவள் அவள் ஒருத்தி. கண் விழித்தபின்னும் வாயைத் திறக்கவில்லை. உங்கள் கதையில் அப்படி ஒரு பாத்திரத்தைத் தேடுங்கள். மயங்கி விழத்தான் வேண்டும் என்றில்லை. அவன் உள்ளே வரும்போது எல்லோரும் வாசலைப் பார்க்க, ஒருத்தி மட்டும் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலை நிமிராமல் இருந்தால் போதும்.

கேள்வி: இந்த மாதிரிப் புத்தகங்களைப் படித்துப் படித்து, வீட்டில் பெரியவர்கள் சன்னக் குரலில் பேசினாலே எனக்குச் சந்தேகம் வருகிறது. என் சித்தப்பா உண்மையில் சித்தப்பாதானா?
- பள்ளி இறுதி வகுப்பு மாணவி

பதில்: பெரும்பாலும் உன் மதிப்பெண்ணைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள். சித்தப்பாவை விட்டுவிடு அம்மா, பரீட்சை முடியட்டும்.

கேள்வி: என் மாமியார் எந்த மர்ம நாவலை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருகிறார். பிறகு நான் படிக்கும்போது எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறார். யார் பக்கம் நியாயம்?
- இல்லத்தரசி

பதில்: 2011-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் இரண்டு உளவியலாளர்கள் 12 சிறுகதைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவைத் தெரிந்துகொண்டு படித்தவர்கள் பொதுவாகக் கூடுதலாக ரசித்ததாக மதிப்பிட்டார்கள். மர்மக் கதைகளிலும் அப்படித்தான். பிறகு வந்த ஆய்வுகள் சில இதற்கு மாறாகவும் சொல்லியிருக்கின்றன, அதனால் இதை மாமியாரிடம் காட்டாதீர்கள், கொடி ஏற்றிவிடுவார்.

எனக்கு அவர் படிக்கும் முறையில் ஆட்சேபமே இல்லை. முடிவு தெரிந்து படிப்பவர், வீட்டில் யார் யார் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று முதல் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டு வருவார். உங்கள் முகத்தைப் பார்ப்பதுதான் அத்துமீறல். அடுத்த தடவை புத்தகம் வாங்கியதும் கடைசி அத்தியாயத்துக்கு மட்டும் உறை போட்டுத் தைத்து, ஊசியை ஒளித்துவிட்டுக் கொடுங்கள். அவர் எந்தப் பக்கத்தில் தையலைப் பிரித்தார் என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.